சிவப்புக் கோட்டின் கீழே தெரிந்த பெயர்

“நிச்சயமாக அழிக்கவா?” என்று கம்பியூட்டர் திரையில் கேட்கும் பெட்டிக்கு எந்த நிறம் பொருத்தம் என்று, நிரல் எழுதும் உங்களில் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். இரண்டு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். நிறத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. நான் எழுதிய முதலாவது பெட்டி ஓர் இளைஞனைப் பதினொரு நாள் பொலிஸ் கூண்டில் இருத்தியது. ஒரு பெண்ணை அவருடைய மேசையிலிருந்து எழுப்பிவிட்டது. முதலாவது என் அறியாமையால் நடந்தது. இரண்டாவதற்கு அந்தச் சாட்டும் இல்லை. அதை அறிந்துதான் செய்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. உக்குவளையிலிருந்து தினமும் மாத்தளை நகருக்கு வந்து ஒரு கம்பியூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கணிதத்தில் பட்டம் பெற்றவன் என்பதால் ஊரில் எல்லோரும் என்னை மாஸ்டர் என்பார்கள். அந்த மரியாதை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் வழியில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு, தோட்டத்துக் குடும்பப் பதிவேட்டைக் கம்பியூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார். தொழிலாளர் வரிசை வீடுகளில் எந்த லயத்தில், எந்தக் காம்பரா அறையில் யார் இருக்கிறார்கள், யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில்தான் இருந்தது. அடையாள அட்டைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தோட்டத்திலிருந்து கடிதம் கொடுப்பதென்றால் அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

பதிவேட்டை வைத்திருந்தவர் தோட்டத்தின் பெரிய கிளாக்கர். சிங்களவர். லயத்துத் தமிழை என்னைவிட இயல்பாகப் பேசுவார். யாராவது இறந்தால், கலியாணம் கட்டி வேறு தோட்டத்துக்குப் போனால், அவர் ஒரு அடிமட்டத்தை வைத்துப் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். அதைத் தோட்டத்தில் பேர் வெட்டுவது என்பார்கள். கோட்டின் கீழே பெயர் அப்படியே தெரியும். பக்கத்தில் பொடி எழுத்தில் எங்கே போனார் என்று ஒரு குறிப்பு, அவருடைய சுருக்கக் கையொப்பம். போனவர் திரும்பி வந்தால் பெயருக்கு அடியில் புள்ளி புள்ளியாக வைத்து, ‘திரும்பி வந்தார்’ என்று எழுதுவார். முப்பது வருடத்துப் பதிவேடு சில பக்கங்களில் கீறல் விழுந்த கண்ணாடி போல இருந்தது. எனக்கு அது அழுக்காகப் பட்டது.

என் நிரலை அவருக்குக் காட்டிய அன்று அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“வெட்டுன பேர இதுல எங்க மாஸ்டர் பாக்கிறது?”

வெட்டினால் போய்விடும், திரை சுத்தமாக இருக்கும், அதற்குத்தானே கம்பியூட்டர் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் அடிமட்டத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அந்தக் கேள்வியில் என் தொழில் முழுவதும் இருந்தது. அதைக் கிழவரின் பழக்கதோஷம் என்று நினைத்தேன்.

தகவல்களைப் பதிய முகாமையாளர் பரமேஸ்வரி என்ற பெண்ணை நியமித்திருந்தார். அந்தத் தோட்டத்தின் கீழ் டிவிசன் லயத்தில் பிறந்து, உயர்தரம் படித்து, அலுவலகத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதலாவது பெண். அந்த நாற்காலியின் பெறுமதி அவருக்கும் லயத்துக்கும் தெரியும். வேகமாகத் தட்டச்சு செய்வார். வாயும் வேகம். ஒரு மாதம் கழித்து நான் போனபோது, தப்பாக ஒரு பெயரை அழித்துவிட்டால் திருப்பி எடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டார். அதற்காகத்தானே அது ‘நிச்சயமா’ என்று கேட்கிறது, கவனமாக இருங்கள் என்றேன்.

“அது எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் கேக்குதுங்க சேர். எங்க பக்கத்து வீட்டுக் கெழவி மாதிரி. பதில் சொன்னாலும் சொல்லாட்டியும் கேட்டுக்கிட்டே இருக்கும்.”

சிரித்தேன். பிறகு அவருடைய குறையைத் தீர்ப்பதாக நினைத்து இரண்டாவது பெட்டி ஒன்றைச் சேர்த்தேன். முதலாவது, அழிக்கவா என்று கேட்கும். இரண்டாவது, உண்மையாகவே அழிக்கவா என்று கேட்கும். இரண்டும் ஆங்கிலத்தில். இரண்டிலும் அழிக்கப்படுகிறவரின் பெயர் இல்லை. அவர் கேட்டது திரும்பி வர ஒரு வழி. நான் கொடுத்தது இன்னொரு கதவு.

அந்த இயந்திரம் மெதுவானது. ஒவ்வொரு அழிப்புக்கும் முழுக் கோப்பையும் மறுபடி எழுதும்படி நான்தான் வைத்திருந்தேன். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அரைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கினால் மின்சாரம் தாழ்ந்து திரை ஒரு நிமிடம் உறைந்தே போகும். அப்படி ஒரு காலையில் செல்லம்மா என்ற தொழிலாளி, தன் தகப்பனார் இறந்ததைப் பதிய மேல் டிவிசனிலிருந்து வந்தார். பரமேஸ்வரி முதியவரின் பெயரில் நின்று அழிக்கும் விசையைத் தட்டி, இரண்டு முறை ஆம் என்றார். திரை அசையவில்லை. தட்டியது பதியவில்லை என்று நினைத்து அதே மூன்று விசைகளை மறுபடியும் தட்டினார். இயந்திரம் இரண்டையும் நினைவில் வைத்திருந்து, மூச்சு வந்ததும் இரண்டையும் செய்தது. முதியவர் போனதும் பட்டியலில் அடுத்து நின்றது செல்லம்மாவின் மகன் சிவகுமார். தாத்தாவோடு பேரனையும் சேர்த்து அடக்கம் செய்துவிட்டோம். யாருக்கும் தெரியவில்லை. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்த சிவகுமாருக்கும் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கொழும்பில் ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்தார்கள். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து அது இன்னும் வந்து சேராத நேரம். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அட்டை இல்லாத ஒரு தமிழ் இளைஞன் என்றால் என்ன பொருள் என்று உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். அவன் தன் தோட்டத்தின் பெயரைச் சொன்னான். பொலிஸ் முறைப்படி தோட்டத்துக்குத் தொலைபேசியில் பேசியது. முகாமையாளர் தேடச் சொன்னார், பரமேஸ்வரி தேடினார். அப்படி ஒரு பெயர் இல்லை. மேல் டிவிசன் ஆட்களைக் கீழ் டிவிசன் பெண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பெரிய கிளாக்கர் அன்று விடுமுறை. கம்பியூட்டர் பிழை விடாது என்று முகாமையாளருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால் அவர், இங்கே அப்படி ஒருவரும் இல்லை என்று பொலிஸுக்குச் சொன்னார். அதோடு சிவகுமார் பொய் முகவரி கொடுத்தவன் ஆனான்.

கடைக்காரர் சொல்லியனுப்பி, ஐந்தாம் நாள்தான் செல்லம்மாவுக்குச் செய்தி கிடைத்தது. மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அவர் அலுவலக வாசலில், கொழுந்துக் கூடையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

“ஐயா, கம்பியூட்டர் பொட்டியில நான் இருக்கேனாம், எம் பொண்ணு இருக்காளாம். அவன் மட்டும் இல்லையாம். அப்ப நான் பெத்தது யாரு?”

எனக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அழித்த எண்ணையும் நேரத்தையும் மட்டும் குறிக்கும் ஒரு கோப்பு வைத்திருந்தேன். அடுத்தடுத்த இரண்டு எண்கள், ஒரே நிமிடம். திரை உறைந்திருக்கிறது, விசைகள் சேர்ந்திருக்கின்றன. புரிந்துவிட்டது. வாராந்தக் காப்புப் பிரதியைப் பார்த்தேன். ஒரே வட்டின் மேல் திரும்பத் திரும்ப எழுதியதால் அதிலும் அவன் இல்லை.

முகாமையாளர் கேட்டார், இது மெஷின் விட்ட பிழையா, ஆள் விட்ட பிழையா என்று. அலுவலகத்தில் ஆறேழு பேர் நின்றார்கள். பரமேஸ்வரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்ன வாக்கியம் இன்றும் ஒரு சொல் குறையாமல் நினைவிருக்கிறது. “மெஷின் இரண்டு முறை கேட்டிருக்கிறது. இரண்டு முறையும் ஆம் என்று சொல்லப்பட்டிருக்கிறது.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முழு வாக்கியமும் பொய்.

பரமேஸ்வரி மெதுவாகத்தான் பேசினார். “நான் ஆமான்னு சொல்லலைங்க சேர். அடுத்ததுக்குப் போறேன்னுதான் சொன்னேன்.”

மற்றவர்களுக்கு அது சாக்குப்போக்காகக் கேட்டது. எனக்கு அது என்னவென்று புரிந்தது. எதைத் தட்டினாலும் நாளுக்கு நாற்பது முறை நிச்சயமா என்று கேட்டால் ஆம் என்பது பதில் அல்ல, கைப்பழக்கம். நான் வாய் திறக்கவில்லை. அன்றே அவரை அலுவலகத்திலிருந்து எடுத்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு அனுப்பினார்கள்.

ஆனால் பையன் இன்னும் உள்ளே இருந்தான். அங்கேயும் நான் ஒரு குறுக்கு வழியைத்தான் யோசித்தேன். பெயரைத் திருப்பித் தட்டி, பழைய திகதி போட்டு, அச்செடுத்துப் பொலிஸுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். முகாமையாளரும் சம்மதிக்கும் நிலையில் இருந்தார். பெரிய கிளாக்கர்தான் தடுத்தார்.

“மாஸ்டர், அவங்க ஏற்கனவே ஒரு தடவ இல்லைன்னு கேட்டாச்சு. இப்ப புதுசா தட்டுன காயிதத்தக் கொண்டுபோனா, அவன் பொய் சொன்னது போதாதுன்னு நாமளும் பொய் சொன்ன மாதிரி. பையன் வெளிய வர மாட்டான், நாம உள்ள போவோம்.”

சொல்லிவிட்டு ஸ்டோருக்குப் போனார். கம்பியூட்டர் வந்ததும் பழைய பதிவேடுகளை அடுப்பில் போடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அவர் போடவில்லை. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளில் சுற்றி, பரணில் வைத்திருந்தார். உத்தரவை ஏன் மீறினீர்கள் என்று முகாமையாளர் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

சிவகுமாரின் பெயர் இருந்தது. பிறந்த குறிப்பு. ஒன்பது வயதில் மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் இருந்த மாமன் வீட்டுக்குப் படிக்கப் போனதால் ஒரு சிவப்புக் கோடு. இரண்டு வருடம் கழித்துப் பெயருக்கு அடியில் புள்ளிகள், ‘திரும்பி வந்தான்’, கையொப்பம். நான் அழுக்கு என்று நினைத்த அதே கோடு.

மறுநாள் காலை ரயிலில் கிளாக்கரும் செல்லம்மாவும் நானும் கொழும்புக்குப் போனோம். பதிவேடு என் மடியில் இருந்தது. கனமான புத்தகம். கிளாக்கர் வழியெல்லாம் செல்லம்மாவுக்குப் பகிடி சொல்லிக்கொண்டு வந்தார். உன் மகன் ரெண்டு தடவ வெட்டுப்பட்டவன், மூணாவது தடவ எமனே வந்தாலும் தன் கணக்குப் பட்டோலயத் தேடணும் என்றார். செல்லம்மா முதல் தடவையாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் மூன்று நாள் அலைந்தோம். கடைசியில் ஒரு பொறுப்பதிகாரி பதிவேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிவகுமாரின் பக்கத்தில் மட்டும் நிற்கவில்லை, முன்னும் பின்னும் பார்த்தார். சுத்தமான ஒரு பட்டியலைக் கொண்டுவந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன் என்று கிளாக்கரிடம் சிங்களத்தில் சொன்னார். இதில் ஆட்கள் போயிருக்கிறார்கள், வந்திருக்கிறார்கள், அதனால் இது உண்மையான தோட்டம் என்றார். பதினோராம் நாள் பிற்பகல் சிவகுமார் வெளியே வந்தான். மெலிந்திருந்தான். தாயைப் பார்த்ததும் அவன் கேட்டது, தாத்தாவுக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு செய்தீர்களா என்றுதான்.

இத்தோடு கதை முடிந்தது என்று நான் இருந்திருக்கலாம். இருக்கத்தான் பார்த்தேன். இரண்டு வாரம் கழித்துச் செல்லம்மா மாத்தளைக்கு வந்து, என் வகுப்பு வாசலில் நின்று, ஒரு பையில் காய்ந்த மிளகு கொடுத்தார். எம் புள்ளைக்காக ரயில் ஏறி வந்தீங்களே ஐயா என்றார். வகுப்பில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அதை வாங்கினேன். வீட்டில் மனைவியிடம் கொடுத்தபோது யார் தந்தது, ஏன் தந்தார்கள் என்று கேட்டாள். முதன்முதலாக முழுவதையும் சொன்னேன். அவள் மிளகை அடுப்படிக்குக் கொண்டுபோகாமல் மேசையிலேயே வைத்தாள்.

“அல்லாஹ்வுக்குச் செஞ்ச பாவத்த அல்லாஹ் மன்னிப்பான். அந்த ஆபீசுப் பொம்பளப் புள்ளைக்குச் செஞ்சத அந்தப் புள்ளதான் மன்னிக்கணும். அங்க போய் மாப்புக் கேளுங்க.”

அதன் பிறகும் மூன்று வாரம் நான் தோட்டத்துக்குப் போகவில்லை. துணிச்சல் இல்லாததுதான் காரணம். போன நாளில், அலுவலகத்தில் எனக்கு வேறொரு காட்சி காத்திருந்தது. பரமேஸ்வரியின் இடத்துக்கு வந்தவர் பயந்துபோய், ஐந்து வாரத்தில் ஒரு பெயரைக்கூட அழிக்கவில்லை. அதனால் அந்த வாரம் சத்துமா கொடுக்கும் பட்டியலில் இறந்துபோன ஒரு கைக்குழந்தையின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தாய் வரிசையில் நின்றிருக்கிறார், மூத்த பிள்ளைக்காக. இதை நினைவில் வையுங்கள். அழிப்பதைப் பயங்கரமாக்கினால் உயிரோடிருப்பவர்கள் காப்பாற்றப்படுவார்கள் என்றில்லை. இறந்தவர்கள் போக மறுப்பார்கள், அவ்வளவுதான்.

மடுவத்துக்குப் போனேன். பரமேஸ்வரி தராசுக்குப் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். கொழுந்துப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நடந்ததைச் சொன்னேன். திரை உறைந்தது அன்றே எனக்குத் தெரியும் என்றேன். மாப்புக் கேட்டேன்.

அவர் ஒரு கூடையை நிறுத்து முடித்தார்.

“எங்கிட்ட சொன்னது சரிங்க சேர். எனக்கு அது அன்னைக்கே தெரியும். அன்னைக்கு ஆபீசுல யார் யார் நின்னாங்களோ, அவங்ககிட்ட சொல்லுங்க.”

வரிசையில் நின்ற ஒரு பெண், எங்கள மாதிரி வரிசையில நின்னு பேர் கொடுக்க மாஸ்டருக்கும் பெரட்டு இருக்கு போல என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

மறுநாள் காலை அதே ஆறேழு பேர் முன்னால், முகாமையாளர் மேசைக்கு எதிரே நின்று சொன்னேன். அவர் எழுந்து போய்க் கம்பியூட்டரை நிறுத்தினார். பிறகு, அந்தப் பிள்ளையைத் திரும்ப அழைக்கிறேன், நீங்கள் இதைத் திருத்தும்வரை இந்த மெஷினை யாரும் தொடக்கூடாது என்றார். என்னைத் துரத்துவார் என்று எதிர்பார்த்தேன். வேலையைத் தந்தார்.

திருத்தத் தொடங்கினேன். அப்போதும் நான் உடனே திருந்திவிடவில்லை. அழித்த பெயர்கள் ஒரு மறைவான இடத்தில் சேரும்படி வைத்து, அதற்கு ஒரு கடவுச்சொல் போட்டு, அதை நான் வைத்துக்கொண்டேன். பெருமையோடு காட்டினேன். பரமேஸ்வரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“சாவி உங்ககிட்ட இருந்தா, இது எந் தப்ப நான் திருத்துற வழி இல்லைங்க. உங்களக் கூப்பிடுற வழி.”

அப்படியானால் எப்படி வேண்டும் என்று அப்போதுதான் கேட்டேன். ஒரு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியது. அவர் யோசிக்கவே இல்லை, பதில் தயாராக இருந்தது. கேள்வி கேட்காதே, சொன்னவுடன் வெட்டு. ஆனால் வெட்டிய பெயர் கண் முன்னாலேயே கிடக்கட்டும், பெரிய கிளாக்கரின் சிவப்புக் கோட்டோடு. யாரை வெட்டினேன் என்று கீழே தமிழில் ஒரு வரி. பிழை என்றால் ஒரே விசையில் திரும்பி வர வேண்டும், இன்றைக்கும் சரி, ஆறு மாதம் கழித்தும் சரி. கிளாக்கர் ஒன்று மட்டும் சேர்த்தார். திரும்பி வந்தவருக்கு அடியில் புள்ளிகள் இருக்கட்டும் என்றார். போய் வந்ததை மறைக்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம்.

அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன். பிறகு கொழும்பில் பெரிய நிறுவனங்களில் இருபது வருடம் நான் சம்பாதித்த நல்ல பெயரெல்லாம் அந்த மேசையில் கேட்டு எழுதியது. சிவகுமாரின் பதினொரு நாளுக்கும், பரமேஸ்வரி தராசுக்குப் பக்கத்தில் நின்ற ஐந்து வாரத்துக்கும் எந்த விசையும் இல்லை. ஆகவே நிறத்தைக் கேட்ட நண்பருக்குச் சொல்கிறேன்: அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள். மனிதர்களிடம் நிச்சயமா என்று கேட்காதீர்கள், அவர்கள் நிச்சயமாக இருக்க மாட்டார்கள். திரும்பி வர வழி வையுங்கள். அந்த வழி, பிழை விட்டவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

புதிய நிரலைச் சோதித்த நாளில் பரமேஸ்வரி முழு மேல் டிவிசனையும் வெட்டினார். திரை முழுவதும் சிவந்தது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், சிவகுமாரும் வந்தான். அவர் மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளவில்லை. இன்னொன்று சோதிக்க வேண்டும் என்று சொல்லி எதையோ தட்டினார். எட்டிப் பார்த்தேன். என் பெயர். அதைத் தோட்டத்து ஆட்களோடு சேர்த்துப் பதிந்து, உடனே வெட்டினார். கேள்வி ஒன்றும் வரவில்லை. என் பெயரின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது.

“தேத்தண்ணி ஆறுதுங்க சேர், குடிங்க” என்றார்.

குடித்தேன். கிளாக்கர் தன் வேலையைப் பார்ப்பது போல் குனிந்திருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. வெளியே மலையிலிருந்து பனி இறங்கி ஜன்னலை மூடி, மறுபடி விலகியது. கோப்பை காலியாகும்வரை பரமேஸ்வரி என் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் ஒரு விசையைத் தட்டினார். கோடு போனது. அடியில் புள்ளிகள் இருந்தன.